நடுக்கட்டத்து நட்சத்திரம்

எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும் நூரிஸ் முதலில் அதைப் படிப்பதில்லை. பிரிண்ட் எடுத்தால் எப்படி வரும் என்று பார்க்கிறாள். சமையல் குறிப்பு, கல்யாண அழைப்பு, மரண அறிவிப்பு, எதையும் விடுவதில்லை. "ஐயோ, பொத்தானையும் சேத்து அச்சடிக்கிறானே! தாள்ல அத யாரு அமுக்குவா?" என்று தொடையில் தட்டிச் சிரிக்கிறாள்.

கொலம்பியாவின் பர்ரான்கியா நகரில் கடைகளுக்கு வலைப்பக்கம் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. யாரும் கேட்காமலே அச்சில் பக்கம் எப்படி வரவேண்டும் என்று சொல்லும் தனி ஸ்டைல் ஷீட்டைத் தாளுக்கென்று எழுதிச் சேர்த்துவிடுவாள். "திரையில கறுப்பு அழகுதான். தாள்ல அது மை குடிக்கிற பிசாசு."

கார்னிவல் உடைகளுக்குப் பணம் திரட்டத் தெருவில் பிங்கோ நடத்துவார்கள்; கூப்பிடும் எண்களைச் சீட்டில் குறித்து, முதலில் வரிசையை நிரப்புபவருக்குப் பரிசு. போன வருடம் ஏதோ ஒரு வலைப்பக்கத்திலிருந்து எடுத்த சீட்டுகளில் கடைசி வரிசை அடுத்த தாளுக்கு ஓடிவிட்டது. ஒரே சீட்டின் தலை ஒருத்தியிடம், வால் இன்னொருத்தியிடம். இருவரும் "பிங்கோ!" என்று குதிக்க, நாற்காலிகள் பறந்தன.

"இந்த வருசம் சீட்டு உடைஞ்சா உன் மண்டையும் உடையும், தாயி," என்று சீட்டு வேலையை நூரிஸிடம் கொடுத்தாள் நடனக் குழுத் தலைவி ஆர்ஹெமிரா.

நூரிஸ் பக்கத்தின் மெனுப் பட்டியை மறைத்தாள், கறுப்பை வெளுத்தாள், சீட்டை நடுவில் வெட்டாதே என்று ஒரு வரி எழுதினாள். அச்சுக்கடையில் தாளுக்கு நான்காக முழுச் சீட்டுகள் வந்து விழ, அங்கேயே இடுப்பை ஆட்டி ஒரு சுற்று ஆடினாள்.

ஞாயிறு மதியம் தெரு நிறைய நாற்காலிகள், பியர், முட்டை வைத்துப் பொரித்த சோள அரேபா. முதல் எண்ணைக் கூப்பிடும் நேரத்தில் ஆர்ஹெமிரா சீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"அடியே நூரிஸ்! நடுக்கட்டத்து நட்சத்திரத்த எங்கடி தின்ன?"

எண் இல்லாத நடுக்கட்டத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அந்த நட்சத்திரத்தை அவள் பின்னணிப் படமாக வைத்திருந்தாள். பின்னணியையும் அச்சிடச் சொல்லி அவள் கணினியில் குறி போட்டிருந்தது. அச்சுக்கடைக் கணினியில் அந்தக் குறி இல்லை.

"போன வருசம் வால் இல்ல, இந்த வருசம் வயிறு இல்ல!" என்று கத்தினார் கசாப்புக்கடை எலியேசெர். "நட்சத்திரம் இல்லாம ஆட முடியாது!" என்று தெருவே எழுந்து நின்றது.

நூரிஸின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டது. பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்துப் பூசிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி, ஆர்ஹெமிராவின் சீட்டை வாங்கி நடுக்கட்டத்தில் ஒரு முத்தம் பதித்தாள்.

"இதான் நட்சத்திரம்! அவங்கவங்க சீட்டுக்கு அவங்கவங்க முத்தம்!"

லிப்ஸ்டிக்குகள் கைமாறிப் பறந்தன. எலியேசெர் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "எனக்கு அந்த அடர்சிவப்பக் குடும்மா. இந்த ரோஸ் என் நிறத்துக்கு எடுக்காது," என்றார்.

முதல் எண் ஒலித்தது. எல்லோரும் சீட்டின்மேல் குனிந்தார்கள். நூரிஸ் மட்டும் எலியேசெரின் சீட்டைப் பிடுங்கி, கண்ணருகே பிடித்து, முத்தம் கட்டத்தின் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.