மீதிப் படம் அப்பா வந்த பிறகு

வீடியோ கேசட்டை உள்ளே தள்ளியதும் எங்கள் வீட்டு 'டெக்கு' ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளும், பிறகு 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும், அந்தச் சில நொடிகளில் வாசலில் ஏற்றிய கற்பூரமும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழமும் புதிதாக அடித்த கிரீஸும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் வந்து நிற்கும். ஆயுத பூஜை கழிந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டி வடக்கே கிளம்புகிற நாளின் வாசனை அது. அந்த வாசனையோடுதான் 'பாதாளப் பங்காளி' என்கிற படத்தை நான் முதன்முதலில் பார்த்தேன். இன்றைக்கும் யாராவது கிரீஸ் டப்பாவைத் திறந்தால் எனக்கு மீசை வைத்த ஆட்டுக்கிடாய்தான் ஞாபகம் வருகிறது.

இந்தப் படத்தை இப்போது எல்லாரும் கொண்டாடுகிறார்கள். கிடாய் பேசும் வசனங்களை வெட்டி ஒட்டிக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள், பூதராசாவின் தேங்காய்நார் மீசையைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள், கண்ணாடி போட்ட பிள்ளைகள் கேமரா முன் உட்கார்ந்து அதில் இருக்கும் அரசியலை விளக்குகிறார்கள். விளக்கட்டும், எனக்கொன்றும் கோபமில்லை. ஆனால் படம் வந்தபோது சேலத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்பதையும், அதைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்கு வண்டிக்காரர்கள் என்பதையும் ஒருத்தரும் சொல்வதில்லை என்பதில் மட்டும் கொஞ்சம் கோபம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே பெரிய சோம்பேறியும் பயந்தாங்கொள்ளியுமான ஒருவன், தண்ணீர் வற்றிய கிணற்றில் விழுந்த தன் கிடாயைத் தேடி இறங்குகிறான். அடியில் ஒரு பூதராஜ்யம். அங்கே பூதராசா அவனைக் கட்டிப்பிடித்து, "உன் பாட்டனும் என் பாட்டனும் பங்காளிகள்" என்று சொல்லி, மேலே இருக்கும் நிலத்தில் பாதியைப் பிரித்துக் கேட்கிறான். வாள்சண்டை, உலக்கைச்சண்டை, பறக்கும் கட்டில் எல்லாம் உண்டு. கதாநாயகன் ஒரு சண்டையில்கூட ஒழுங்காக ஜெயிப்பதில்லை. தடுக்கி விழுகிறான், விழுகிற இடத்தில் எதிரி இருக்கிறான். முதல் பாதியின் கடைசியில் பிடித்து ஏறுகிற கயிறு அறுந்து, ஒற்றைப் பிரியில் அவன் நடுக்கிணற்றில் தொங்கும்போது, 'இடைவேளை' என்று எழுத்து வரும். எங்களுக்குப் படம் அதோடு சரி. டெக்கை நிறுத்திவிடுவார்கள். மீதிப் படம், போன வண்டி திரும்பி வந்த பிறகு.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று அப்பா சொல்வார். அப்பா அந்த ரிக்கு வண்டியில் டிரில்லர். பூமிக்குள் துளைபோடும் இரும்பு ராடை இறக்குவது அவர் கை. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வருஷம், கிளம்புகிற அன்றைக்கு டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் போட்டிருக்கிறார்கள், சரியாக இடைவேளையில் கரண்ட் போய்விட்டது. நல்ல நேரம் தப்பிவிடும் என்று அப்படியே எழுந்து போய்விட்டார்கள். அந்த வருஷம் போட்ட இடமெல்லாம் தண்ணீர், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆடியில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பார்த்து முடித்தார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பாதாளத்துக்குள் போனவன் மேலே வருவதை, வடக்கே போனவர்கள் எல்லாரும் வந்த பிறகுதான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடு அந்த ஒரே வண்டியில் வேலை செய்தது. ஆகவே எங்கள் தெரு முழுக்க அந்த ஆள் எட்டு ஒன்பது மாதம் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருப்பான்.

மீதிப் படத்தில் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். பூதராசா கோபத்தில் பூமியைக் குத்துவான், ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் பீறிட்டு, கிடாயின் முதுகில் தொங்குகிறவனை ஏற்றி வானத்துக்குத் தூக்கி எறியும். அந்தக் காட்சிக்கு எங்கள் ஆட்கள் கதாநாயகனைப் பார்த்துக் கைதட்டியதே இல்லை, ஊற்றைத்தான் தொழில் வழக்கப்படி இஞ்சுக் கணக்கில் அளப்பார்கள். "ரெண்டிஞ்சு தண்ணி வரும்" என்று ஒருத்தர் சொல்வார், "போடா, அது மூணிஞ்சுக்குக் கொறையாது" என்று இன்னொருத்தர் சண்டைக்கு வருவார். தெரிந்ததைத் திரும்பப் பார்க்கத்தான் அத்தனை மாதம் காத்திருந்தோம் என்பது இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது; அப்போது அப்படி இல்லை.

வடக்கே இருந்து அப்பா தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் போடுவார். கடைக்காரர் ஆள் அனுப்புவார், அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாள். அம்மாவிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, கடைசியில் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார்.

"ஏஞ்சாமி, அவன் இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்கறானா?"

"தொங்கிட்டுத்தான் இருக்கறானுங்ப்பா."

"கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு. நான் வாரேன்."

நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருஷம், மாசியோடு அந்தப் போன் நின்றுவிட்டது. மற்ற வீடுகளுக்கும் வரவில்லை. வண்டி எங்கோ காட்டுக்குள் போயிருக்கிறது, அங்கே போன் கிடையாது என்று முதலாளி வீட்டில் சொன்னார்கள். அம்மா சரி என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் கடைக்குச் சாமான் வாங்கப் போகிற சாக்கில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போவாள். போகும்போது கடுகு, திரும்பி வந்து சீரகம் என்று தனித்தனியாக வாங்கினாள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் இருந்த அளவுக்குக் கடுகு அதற்கப்புறம் இருந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சித்திரை முதல் நாள் வந்தது. டிவியில் சிறப்புத் திரைப்படம் என்று 'பாதாளப் பங்காளி'யைப் போட்டுவிட்டார்கள். டிவிக்காரர்களுக்கு எங்கள் கணக்கு எங்கே தெரியும்? மத்தியான வெயிலில் எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருந்தது, எல்லா வீட்டிலும் ஒரே படம், தெருவில் நடந்தால் ஒரு வசனம்கூட விட்டுப்போகாது. கயிறு அறுந்தது. 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். பக்கத்து வீட்டிலும் சத்தம் நின்றது, எதிர் வீட்டிலும் நின்றது, ஒவ்வொரு வீடாகத் தெரு அடங்கிக்கொண்டே போனது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் விளம்பரம் முடிந்து மீதிப் படம் ஆரம்பித்தது. கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வாத்தியார் வீடு. வாழப்பாடிக்காரர், தனியாள், நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பவர். பூதராசா பல்லைக் கடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பெண்கள் வாசலுக்கு வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். படித்த மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று எல்லாருக்கும் வெட்கம். அம்மாதான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு விடுவிடுவென்று போனாள், நான் பின்னால் ஓடினேன்.

"சார், ஏனுங் சார்!"

வாத்தியார் சிரித்த முகத்தோடு வந்தார். "வாங்கம்மா. சத்தம் அதிகமா வச்சிட்டேனா? கொறச்சிடறேன்."

"சத்தம் இல்லீங்க. படத்த நிறுத்தோணுங்க."

"ஏம்மா? நல்ல படம்தானே?"

அம்மா அவர் தோளுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். உள்ளே பூதராசா உலக்கையை ஓங்கிக்கொண்டிருந்தான். "எங்க ஊட்டுக்காரரு இன்னும் வரலீங்க" என்றாள்.

"அவ்ளோதானே? வரட்டும், அவரும் வந்து ஒக்காந்து பாக்கட்டும். எத்தன மணிக்கு வருவாரு?"

"ஆனி கடைசிக்குள்ள வந்துருவாருங்க."

வாத்தியாரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அம்மாவைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் தெருவில் வாசலுக்கு ஒருத்தியாக நின்ற பெண்களைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, உள்ளே போய் டிவியை அணைத்துவிட்டு வந்தார். "நானும் அப்புறமா பாத்துக்கறேம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கிணற்றில் தொங்குகிற ஆள் கொஞ்சம் மேலே ஏறியிருப்பானோ என்பதுதான் அவள் கவலை. "தண்ணி வரதுக்குள்ள நிறுத்திப்போட்டமல்ல?" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நிறுத்திவிட்டோம் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆனியில் வண்டி ஆட்கள் வந்தார்கள், ரயிலில். வண்டி வரவில்லை, அப்பாவும் வரவில்லை. காட்டுப் பாதையில் வண்டியின் அச்சு முறிந்துவிட்டது, மழை பிடித்துக்கொண்டது, வண்டியைத் தனியே விட முடியாது என்று அப்பா காவலுக்கு இருந்துவிட்டு மற்றவர்களை அனுப்பியிருக்கிறார். "நல்லாத்தான் இருக்கறாருங்கக்கா, புது அச்சு போய்ச் சேந்ததும் வந்துருவாரு" என்று அவர்கள் அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அவரவர் அப்பா வந்தாயிற்று, படம் மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் வாசலில் சைக்கிளை மெதுவாக்கி, "வந்துட்டாரா?" என்பார். அம்மா இல்லையென்று தலையை ஆட்டுவாள். அவர் மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

ஆடி பிறந்து, பதினெட்டுக்கு ஜேடர்பாளையத்துக்குக் காவிரியில் குளிக்கப் போகிற கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்த காலையில் ரிக்கு வண்டியின் ஹாரன் கேட்டது. அப்பா இறங்கி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், தாடி, தலை முழுக்க வெள்ளைக் கல்மாவு. குளிக்கச் சொன்னாள் அம்மா. அவர் என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, அவன் இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்கறானா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "படத்தப் போடு மொதல்ல" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காவிரிக்குக் கிளம்பிய கூட்டம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாத்தியாரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தண்ணீர் பீறிட்டபோது, "நாலிஞ்சு!" என்று கத்தியது அவர்தான். அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதாள், கேட்டால் படம் பார்த்து அழுததாகச் சொன்னாள். அந்தப் படத்தில் அழுவதற்கு ஒரு காட்சி கிடையாது.

படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றப் படங்களில் கதாநாயகன் பலசாலி, ஆகவே பிழைப்பான். இதில் அவனுக்கு ஒன்றுமே தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவனும் மேலே வந்துவிடுகிறான். எங்கள் தெருவுக்கு அது வேண்டியிருந்தது. இப்போது மறுபடி திரையிடும்போது அரங்கில் விசிலடிக்கும் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு கிணறு இருக்கும் போலிருக்கிறது.

அந்தத் தெருவில் இப்போது டெக்கும் இல்லை, கேசட்டும் இல்லை. வண்டி எந்த ஊரில் எந்த மரத்தடியில் நிற்கிறது என்று கைப்பேசியிலேயே தெரிகிறது, இருட்டுகிற நேரத்துக்குப் பெண்கள் புருஷன் முகம் பார்த்துப் பேசிவிடுகிறார்கள். காத்திருப்பது ஒழிந்தது நல்லதுதான். அது திரும்ப வேண்டும் என்று அதில் வெந்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். வண்டி வேலையை விட்டு வெகுகாலமாகி, வீட்டில், தூக்கத்தில். அம்மாவைச் சேலத்துக்கு என்னோடு அழைத்து வந்தேன். போன வாரம் இங்கே 'பாதாளப் பங்காளி'யைப் புதுப்பித்துத் திரையிட்டார்கள். அம்மா கொஞ்சம் சிரிக்கட்டும் என்று கூட்டிப்போனேன். சிரிக்கவும் செய்தாள், கிடாய் பேசுவதற்கு முன்பே அதன் வசனத்தைத் தான் சொன்னாள், பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவளுக்குக் கைதட்டினார்கள். கயிறு அறுந்தது. 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. விளக்குப் போட்டதும் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போலாம் சாமி."

நான் பின்னால் நடந்தேன். வாசலில் பை சோதிக்கிற அம்மாள், "என்னங்கம்மா, பாதியில கெளம்பிட்டீங்க? படம் புடிக்கலீங்களா?" என்றார்.

"புடிக்காம என்னங்க. எங்க ஊட்டுக்காரரு இன்னும் வரலீங்க."

"அப்படீங்களா? வந்தார்னா உள்ள அனுப்பி வுட்டரட்டுங்களா?"

அம்மா, "வேண்டாங்க" என்றாள். "எங்க வுட்டமுன்னு அவருக்குத் தெரியும்."