மைமூன் மாமியின் ரத்தத்தில் ஒரு கோடு

உள்ளறையிலிருந்து பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் மாமிக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த ருக்ஸானாவின் கை அப்படியே நின்றது. இந்த வீட்டில் யாரும் ஊருக்குப் போவதாகப் பேச்சே இல்லை. கணவன் அர்ஃபான் சாங்கி விமான நிலையத்துக்கு, சரக்குப் பிரிவு வேலைக்குப் போய்விட்டான். உள்ளே மாமியார் மைமூனும், அவரைப் பார்க்க வந்த நாத்தனார் முனீராவும்தான் இருந்தார்கள்.

போய்ப் பார்த்தாள். முனீரா தன் உம்மா மைமூனின் சேலைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உம்மாவை உட்லண்ட்ஸுக்கு, என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், மதினி. புதன்கிழமை மருந்து ஏத்த வேண்டாம். உங்க ஆராய்ச்சிக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க லா."

தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த அப்துல் கஃபாரின் மகள் ருக்ஸானா. சாமான் மணக்கும் அந்தக் கடைக்கு மேல்மாடியில் படித்து, சோதனைக்கூடத்துக்குப் போனவள். ரத்தப் புற்றணுக்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குவதிலேயே அவளுடைய இளமை கரைந்துபோனது. நல்ல முடிவு வந்தால் மற்றவர்கள் கேக் வெட்டுவார்கள். அவள் மட்டும் எங்கே தப்பு நடந்ததென்று தேடுவாள். சந்தேகப்பட்டே பெயர் வாங்கியவளை இன்று சொந்த வீடே சந்தேகப்பட்டது.

போன வருடம் மாமிக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று என்றார்கள். மருத்துவமனையில் ஆன்டிபாடி மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் எழுந்து சந்தைக்கு நடந்தார். ஆனால் போன வார ரத்தப் பரிசோதனைப் படத்தில் ஒரு மெல்லிய கோடு. நோய் இன்னும் ஒளிந்திருக்கிறதோ என்று டாக்டரே நெற்றியைச் சுருக்கினார்.

"அன்னிக்கு வாசல்ல நின்னு போன்ல என்ன குசுகுசுத்தீங்க?" என்றாள் முனீரா. "'வீட்ல இன்னும் சொல்லல'ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. எலி செல்லுல வளத்த மருந்த ஏத்திப் பாக்க எங்க உம்மாதான் கிடைச்சாங்களா?"

"இது நான் செஞ்ச மருந்து இல்ல முனீரா. எத்தனையோ நாட்டுல குடுக்கிறாங்க."

"அப்ப எதுக்கு ஒளிச்சீங்க?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த மைமூன், "சண்டைய என் சேலையக் கசக்காம போடுங்க," என்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். "நீ சொல்லு புள்ள. என் ரத்தத்துல எனக்குத் தெரியாம என்ன இருக்கு?"

ருக்ஸானா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்க நோய் உதவாத ஆன்டிபாடி ஒண்ணையே கொட்டிக்கிட்டு இருக்கும். டெஸ்ட்ல அது கோடா தெரியும். உங்களுக்கு ஏத்துற மருந்தும் ஒரு ஆன்டிபாடிதான். அதுவும் கோடா விழும். போன வாரம் தெரிஞ்சது நோயா, மருந்தான்னு எனக்குச் சந்தேகம். ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற டெஸ்ட் இருக்கு. அதச் செய்யச் சொல்லி டாக்டர்கிட்ட கெஞ்சினேன். அதான் அந்த போன். முடிவு புதன்கிழமை வரும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அது நோயாவும் இருக்கலாம் மாமி. நல்ல சேதி சொல்லிட்டு, அப்புறம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது." அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

மைமூன் அவள் தலையைத் தொடவில்லை. "என் ரத்தம். மொதல்ல என்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார். பிறகு, "மருந்த நிறுத்த மாட்டேன். ஆனா புதன்கிழமை முனீரா என்கூட உள்ள வரட்டும். டாக்டர் சொல்றத அவளே கேக்கட்டும்."

"நானு?" என்றாள் ருக்ஸானா.

"நீ வெளிய உக்காரு."

கூடவே இருந்து பார்த்துக்கொண்டவளுக்கு அந்தச் சொல் அறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் மருந்து நிற்கவில்லையே என்று தலையாட்டினாள்.

முனீரா சேலைகளை அலமாரியில் திருப்பி வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"அது நோயா இருந்தா, மதினி?"

"மருந்த மாத்துவாங்க."

"அந்த மருந்து உங்களோடதா இருக்குமா?"

"இருக்காது."

முனீரா அவள் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா புதன்கிழமை டாக்டர் சொல்ற வரைக்கும் நான் நம்ப மாட்டேன்."

லிஃப்ட் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனாள். ருக்ஸானா கதவைச் சாத்தினாள்.