மீட்டர் முள்ளுக்கு நீடில் ஆயில்

மீட்டரில் முள் அறுபதில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் ஒரு மொபெட் என்னை முந்திப் போனது. வெறும் மொபெட் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். கால் வைக்கிற இடத்தில் ஒரு பனியன் துணி மூட்டை, ஓட்டுகிறவருக்குப் பின்னால் அவர் தலைக்கு மேல் எழும்பி நின்ற இரண்டு மூட்டைகள். எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டையிலிருந்து பல்லடம் பக்கம் போகிறவராக இருக்க வேண்டும். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, "வண்டிக்கு என்னங்க, ஒடம்பு செரியில்லீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

என் வண்டி ஜப்பானில் செய்து கப்பலில் வந்த பைக். ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி ஆசையாக வரவழைத்து, இடுப்பு வலி கண்டதும் என் தலையில் கட்டியது. நிறுத்தி வைத்திருக்கும்போது அதைச் சுற்றி நாலு பேர் நின்று பார்ப்பார்கள். ஓடும்போதுதான் ஒருவரும் பார்ப்பதில்லை. எல்லோரும் எங்களுக்கு முன்னால் போயிருப்பார்கள்.

மொபெட் மறைந்த பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: "அந்தண்ணன் அத்தன லோடு வெச்சுட்டு எம்பதுல போறாருங்க. ஊட்ல புள்ளகுட்டி இருக்கும், பாவம்."

எண்பது என்று அவள் கணக்குப் போட்டது எங்கள் அறுபதை வைத்து. அந்த அறுபதை விதித்ததும் அவள்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தைத்து வருகிற பீஸை மேசைமேல் விரித்து, ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைப்பது வேலை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அதைச் சுற்றி வந்து பார்த்தாள். என்னையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து மீட்டர் கண்ணாடியில் அறுபதுக்கு நேராக ஒட்டினாள். "முள்ளு இதத் தாண்டுச்சுன்னா அந்த எடத்துலயே எறங்கிக்குவனுங்க" என்றாள். பீஸ் ரிஜெக்ட் ஆகலாம், வீட்டுக்காரன் ரிஜெக்ட் ஆனால் யார் வாங்குவார்கள்? ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பொங்கலூரில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போவோம். பல்லடம் தாண்டினால் தறிச் சத்தம் குறைந்து கோழிப்பண்ணை வாடை தொடங்கும். அப்புறம் காற்றாலைகள். அவை சுற்றுகிற வேகத்துக்கும் நாங்கள் போகிற வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அந்தப் பாதையில்தான் நாங்கள் இரண்டு பேரும் பேசப் பழகினோம். சிரிக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் எனக்கு நிட்டிங்கில், அதாவது துணி பின்னுகிற பிரிவில், நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல். வாசலில் சந்திப்போம், சாவி கை மாறும். "பாலு அடுப்புல இருக்குதுங்க." "செரி." எங்கள் இல்லறத்தின் வசனம் மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஷிப்டெல்லாம் ஓய்ந்து ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருக்க வாய்த்தபோது, என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. டிவி பேசியது. போதாததற்கு, வருசக்கணக்கில் பின்னல் மெஷின்களுக்கு நடுவே நின்றதில் என் இடது காது பாதி அடைத்துப்போனது. எனக்கு வேண்டியது மட்டும்தான் கேட்கும் என்று அவள் சொல்வதுண்டாம். அதை நான் கேட்டதில்லை.

வண்டியில் அவள் என் வலது தோளுக்கு மேல் சாய்ந்து முள்ளைக் கண்காணிப்பாள். வாய் சரியாக என் நல்ல காதுக்குப் பக்கத்தில் இருக்கும். வாய் இருக்கிற இடத்தில் பேச்சும் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன நாளைப் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அன்று ஷிப்ட் முடிந்து நேராகப் போயிருந்தேன். முகத்தைக் கழுவினவன் புருவத்தை விட்டுவிட்டேன் போல. இரண்டு புருவத்திலும் பஞ்சு படிந்து வெள்ளையாக இருந்திருக்கிறது.

"மாப்பளைக்கு வயச மறைக்கறாங்கன்னு நெனச்சுட்டனுங்க. தலைக்கு மை அடிச்சவீங்க புருவத்துக்கு அடிக்க மறந்துட்டாங்கன்னு அம்மாகிட்டச் சொல்லி அழுதேன்."

இதை அவள் சொன்னபோது எங்கள் மகளுக்கே கல்யாணமாகியிருந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கோழிப்பண்ணை வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருவரும் நெடுநேரம் சிரித்தோம். இப்போது வண்டி ஓட்டும் வயது போய், மருமகன் காரில் அழைத்துப் போகிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வாடை வராது, சத்தம் வராது, காது கேட்காதவனுக்குக்கூட எல்லாம் கேட்கும். ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்து சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மீட்டரின் குட்டை உடைத்தது அவளுடைய போன். பெருமாநல்லூரில் ஒரு புது வீட்டு விசேஷத்துக்கு வழி தெரியாமல் போனில் மேப் போட்டுக்கொண்டு வந்தாள். அதில் மூலையில் வேகமும் தெரியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"ஏனுங்க, போனு நாப்பதுங்குது. மீட்டரு அறுபதுங்குது. எது நெசமுங்க?"

"போன் சீனாக்காரன் செஞ்சது. மீட்டர் ஜப்பான்காரன் செஞ்சது. நீயே முடிவு பண்ணிக்கோ புள்ள."

போனை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். "மொபெட்டு நம்ம நாட்டுல செஞ்சதுங்களே. அது எப்படிங்க நம்மளத் தாண்டுச்சு?"

அதற்கு மேல் ஜப்பானைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. மறுநாளே ஆராய்ச்சியில் இறங்கினேன். மீட்டர் மைல் கணக்கில் காட்டுகிறதோ என்று பார்த்தேன். கிலோமீட்டர் என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது. மைல் என்றால் போன் அல்லவா அதிகம் காட்ட வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. டயரில் காற்றை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். இடுப்பெலும்பு ஒரு பக்கமாக நகர்ந்ததைத் தவிர மாற்றமில்லை.

கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து வெகுநாளாயிற்று, பேச்சு மட்டும் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. வண்டியைப் பார்த்ததும், "முன் டயரு தப்பு சைஸுண்ணே" என்று அடித்துச் சொன்னார். டயர் சரியான சைஸ்தான். பிறகு கேபிள் என்றார். வேறு கேபிள் மாட்டினார். முள் முன்னைவிட உற்சாகமாக ஏறியது. தலையைச் சொறிந்துகொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஓடுன தூரம் சரியாக் காட்டுதாண்ணே?"

நான் பதில் யோசிப்பதற்குள் மனைவி சொன்னாள்: "அது செரியாத்தானுங்க இருக்குது. போன்ல வெச்சுப் பாத்தேன், ரெண்டும் ஒண்ணு."

"அப்பம் சக்கரத்துலேர்ந்து வார கணக்கு சரி. முள்ளுதான் பொய் சொல்லுது" என்று சொல்லி மீட்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாருண்ணே இதுக்குள்ள எண்ணெய ஊத்துனது? வடை சுடலாம் போல கெடக்கு."

நான் ரோட்டில் போகிற பஸ்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள் மனைவி.

விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னல் மெஷினில் வட்டமாக ஊசிகள் இருக்கும். அவற்றுக்கு விடுகிற எண்ணெய்க்கு எங்கள் தொழிலில் நீடில் ஆயில் என்று பெயர். எந்த மெஷின் முனகினாலும் முதல் வைத்தியம் அதுதான். வேலையை விட்டு வந்தபோதும் ஒரு பாட்டில் கையோடு வந்துவிட்டது. வண்டி வாங்கின புதிதில் யாரோ மீட்டரைக் காட்டி, 'நீடில் ஆடுதே' என்றார்கள். நீடில் என்ற சொல் காதில் விழுந்தால் என் கை தானாக எண்ணெய்க்குப் போகும். மீட்டருக்கு அடியில் கேபிளைக் கழற்றி, பாட்டில் மூக்கைத் துளைக்குள் செருகி, மாதம் தவறாமல் நாலு சொட்டு பீச்சி வந்தேன்.

மெக்கானிக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நல்லவேளை, வீட்டுல கடியாரத்துல முள்ளு இருக்கத நீங்க கவனிக்கல."

"அதுக்கும் விட்டாருங்க" என்றாள் அவள். "நின்னே போச்சு."

எப்படிப் பழுதானது என்று அவர் திறந்து காட்டினார். கேபிள் சுற்றும்போது உள்ளே ஒரு காந்தம் சுற்றும். அதைக் கவிழ்த்து மூடினாற்போல ஒரு சின்னக் கிண்ணம், அதோடு முள். காந்தம் கிண்ணத்தைத் தொடவே கூடாது. தொடாமலே இழுக்கும், முள் அளவாக நகரும். நடுவில் என் எண்ணெய் போய்ப் பிசுபிசுவென்று இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது. காந்தம் கிண்ணத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. நாற்பதுக்கே முள் அறுபதுக்கு ஓடியது அதனால்தான். பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். போனும் மீட்டரும் ஒரே வேகத்தைச் சொல்லின. பழைய ஸ்டிக்கர் எண்ணெயில் ஊறி உதிர்ந்திருந்தது. புதிதாக ஒன்றை அதே அறுபதில் ஒட்டினாள்.

அடுத்த ஞாயிறு நான் முந்திய மொபெட்டுகளை நின்று எண்ணினால்தான் தெரியும். ஒரு மினி பஸ்ஸையும் முந்தினேன். அது நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது, இருந்தாலும் முந்தினது முந்தினதுதான். பொங்கலூரில் மாமியார் வாசலுக்கு வந்து, "ஏனுங் மாப்ள, நேத்தே கெளம்பிட்டீங்களா? சோறு இன்னும் வேகலீங்களே" என்றார்.

பெருமையில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். உண்மையான அறுபதில் காற்று என்று ஒன்று இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் புகுந்து, நிட்டிங் ஹாலையே காதுக்குள் கொண்டுவந்து வைத்தது. அவள் பேசுகிறாள் என்பது தோளில் தாடை அசைவதில் தெரியும். என்ன பேசுகிறாள் என்பது தெரியாது. 'என்ன, என்ன' என்று கேட்டால் செவிடன் என்பது உறுதியாகிவிடுமே என்று, தாடை அசைவது நின்றதும் தலையை ஆட்டினேன். இரண்டு வாரம் இப்படி. மூன்றாவது வாரம் தாடை அசையவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "பாலு அடுப்புல இருக்குதுங்க" என்றாள்.

பாதி ஆயுசு கழித்துக் கிடைத்த பேச்சு அது. போய்விட்டால் இன்னொரு பாதி ஆயுசு கையில் இல்லை.

வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கிளம்பும்போது நாற்பது என்று முடிவுசெய்துகொண்டுதான் கிளம்புவேன். பல்லடம் தாண்டுவதற்குள் எங்கிருந்தாவது ஒரு மொபெட் மூட்டையோடு முன்னால் வரும். கை என் பேச்சைக் கேட்காது.

ஆகவே ஒரு நாள் சாயங்காலம் அலமாரியிலிருந்து நீடில் ஆயில் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனேன். மீட்டருக்குக் கீழே கேபிளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து நின்றாள்.

"கையில என்னங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. முள்ளு முன்ன மாதிரியே இருந்தாத் தேவலாமுன்னு..."

"எதுக்குங்க?"

"நீ பேசறது கேக்கும்."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் வேண்டாமுங்க. அடுத்த வாரத்துல இருந்து நாந்தான ஓட்டப்போறேன்."

"நீயா? எப்பச் சொன்ன?"

"முன்ன ஒரு ஞாயித்துக்கெழம வண்டில வரும்போது கேட்டனே. எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுப்பீங்களான்னு. நீங்க தலைய ஆட்டுனீங்க. நெசமாத்தானுங்களான்னு திரும்பக் கேட்டேன், அப்பவும் ஆட்டுனீங்க."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு எதற்கெல்லாம் ஆட்டினேன் என்ற விசாரணை வரும். "ஆமாமா, சொன்னேன்" என்றேன்.

வருசக்கணக்கில் ஸ்கூட்டரில் கம்பெனிக்குப் போய் வந்தவள். கியர் மட்டும்தான் புதிது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த ஒரு கம்பெனியின் பின்பக்க மைதானத்தில் பழகினாள். வண்டி நாலு தடவை குதித்து நின்றது. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கிளட்சை விடச்சொன்னதும் பிடிக்கச்சொன்னதும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னதால், "நீங்க அந்த நெழல்ல போயி உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். அவளுக்கு உடனே ஓட்ட வந்துவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிறு பல்லடம் ரோட்டில் அவள் ஓட்ட, நான் பின்னால். எத்தனையில் போகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். "அங்க என்னங்க பார்வை?" என்றாள். பார்வையை எடுத்துக்கொண்டேன். எங்களை ஒரு மொபெட் முந்தியது, அதன் பின்னால் இன்னொன்று. அவள் ஒருவரையும் கண்டுகொள்ளவில்லை.

அவள் பேச ஆரம்பித்ததும்தான் எனக்குப் புரிந்தது. முன்னால் இருப்பவர் பேசினால், எதிர்க்காற்று அந்தப் பேச்சை அள்ளிக்கொண்டு வந்து பின்னால் இருப்பவர் முகத்தில் போடுகிறது. அறுபதில் போன நாளெல்லாம் அவள் சொன்னதைக் காற்று பின்னால் வந்த லாரிக்காரர்களுக்கு அல்லவா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. இப்போது ஒரு சொல் வீணாகாமல் என்னிடம் வந்தது, அந்த மந்தக் காதுக்குக்கூட.

செக்கிங்கில் சேர்ந்த முதல் வாரத்தில், கறை என்று நினைத்துப் பூ டிசைனுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்ட கதையைச் சொன்னாள். சூப்பர்வைசரம்மா வந்து பார்த்தபோது ஒரு மலைக் குவியல் ரிஜெக்டில் கிடந்ததாம். வழக்கம்போல நான் தலையை ஆட்டினேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏனுங்க, கேட்டுட்டு வரீங்களா?"

மறுபடியும் ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா எனக்கு இங்கிருந்து தெரியாதுங்க. வாயத் தொறந்து சொல்லோணும்."

"கேக்குது புள்ள" என்றேன். "அந்தம்மா வந்து என்ன சொன்னாங்க?"