யார் முறை, எத்தனை இடம்

கல்லூரிக் கடைசி வருஷத்தில் ஜெரலினுக்கு மூன்று பாடங்கள்தான் மிச்சம்: ஆய்வறிக்கை எழுதுவது, கம்ப்யூட்டர் நெட்வொர்க், வெப் டிசைன். மூன்றையும் சேர்த்து இரண்டு பேராக ஒரே திட்டம் செய்யலாம் என்றார்கள். அவள் டெக்ஸ்டரோடு சேர்ந்தாள். முதல் வருஷத்திலிருந்தே அவன் கூட்டாளி. கடலுக்கு அக்கரையில் இருந்த இலோய்லோ நகரத்துப் பையன், தீவிலிருந்த அவள் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பான். அம்மா அவனைத் திட்டியதில்லை. "என் மூணாவது பிள்ளை" என்பாள்.

திட்டம் ஜெரலினுடைய யோசனை. அவள் அப்பா எலாடியோ தீவுக்கும் நகரத்துக்கும் நடுவே ஆள் ஏற்றும் படகு ஓட்டுகிறவர். படகுகள் முறை வைத்துத்தான் கிளம்பும், அதுவும் ஆள் நிறைந்தால்தான். அடுத்தது யார் முறை, எத்தனை இடம் காலி என்று கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. வெயிலில் நின்று நின்று பாதிப்பேர் பெரிய கப்பலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு படகுத்துறையிலும் ஒரு திரை வைத்து, போனிலும் பார்க்கும்படி ஒரு வலைத்தளம் போட்டால் என்ன?

படகுக்காரர்கள் லேசில் மசியவில்லை. ரூடிங் என்கிற முரட்டு ஆள் நேராகவே கேட்டார்: "இன்னைக்கு முறையைக் காட்டுவே. நாளைக்கு எவனாவது வந்து, நான்தானே ஆள் சேர்த்துக் குடுத்தேன், பங்கு குடுன்னு நிப்பான். அப்ப என்ன பண்ணுவே?"

"யாரும் வரமாட்டாங்க மாமா. இது உங்க சங்கத்துக்குத்தான்."

"உன் வாய்தான் எங்களுக்குப் பத்திரமா?"

சங்கத் தலைவர் பெனிங், அவளுடைய பெரியப்பா, எழுந்து அவள் தலையில் கை வைத்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு. நான் பொறுப்பு." அதன் பேரில் சங்கம் சம்மதித்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வலைத்தளம் டெக்ஸ்டர். நெட்வொர்க்கும் எழுத்தும் ஜெரலின். துறைக் கூரையில் ஏறிக் கேபிள் இழுத்தவள் அவள்தான். உப்புக்காற்றில் முதல் நெட்வொர்க் பெட்டி துருப்பிடித்துச் செத்தது. இரண்டாவதைச் சோற்று டப்பாவுக்குள் வைத்து ரப்பர் ஒட்டிக் காப்பாற்றினாள். ஆய்வறிக்கை டீச்சர் அவள் எழுதியதில் சிவப்பாக அடித்துக்கொண்டே இருந்தார். "'அனைவரும் பயன் அடைவர்'னு எழுதியிருக்கியே, யாரும்மா அந்த அனைவரும்? பேர் சொல்லு." அவள் படகுக்காரர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டாள். எந்த நேரம் கூட்டம், எந்த மாதம் காற்று, ஒரு நடைக்கு டீசல் எவ்வளவு. அவர்கள் வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னார்கள்.

வாய்மொழித் தேர்வன்று வழக்கப்படி தேர்வாளர்களுக்கு மாணவர்கள் செலவில் சுடச்சுடப் பட்சோய் சூப். நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே கேள்வி கேட்டார்கள். டெக்ஸ்டர் ஒரு கேள்விக்குத் தடுமாறினபோது ஜெரலின் இடையில் புகுந்து சமாளித்தாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

பட்டமளிப்பு முடிந்த சில வாரங்களில், ஒரு காலையில் துறைத் திரையில் வேறு பெயர் வந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். நிறம் அதே, எழுத்து அதே. கீழே புதிதாக ஒரு வரி: இடம் பிடிக்கக் கட்டணம் உண்டு. டிக்கெட் பணம் கம்பெனிக்குப் போய், அவர்கள் பங்கு கழித்துக்கொண்டு, மிச்சம்தான் படகுக்கு.

ரூடிங் வாசலில் வந்து கத்தினார். "எலாடியோ! உன் மகள் எங்களை எவ்வளவுக்கு வித்தா?"

அவள் முதல் படகிலேயே நகரத்துக்குப் போனாள். கம்பெனி ஆபீஸ் ஒரு மாலின் மேல்மாடியில் இருந்தது. டெக்ஸ்டர் புதுச் சட்டையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தான்.

"விக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"அது அவங்களோடது. நான் வாக்குக் குடுத்தேன்."

"நீ குடுத்தே. நான் குடுக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "என்னை மட்டும் முறைக்காதே ஜெரி. சங்கம் சம்மதிக்காம இது நடக்குமா? உன் பெரியப்பாதான் கையெழுத்துப் போட்டார். எங்க வீட்டுக்கே வந்து."

அடுத்த படகிலேயே அவள் தீவுக்குத் திரும்பினாள்.

பெரியப்பா படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் மறுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்தார்.

"என் பேரை இழுக்காதே, கண்ணு. நீ படிச்சவ, நாளைக்கே நகரத்துல வேலை கிடைக்கும், போயிடுவே. நான் இந்தக் கரையிலதானே சாகணும்? ரெண்டு நாள் திட்டுவானுங்க, மறந்துடுவானுங்க."

"அவங்க என்னைத் திட்டுறாங்க பெரியப்பா."

"அதான் சொல்றேன். நீ தாங்கிக்குவே."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பா மார்பில் கை வைத்து, மாதா மேல் ஆணையிட்டு, எதுவும் தெரியாது என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. எல்லோரும் எலாடியோவைப் பார்த்தார்கள்.

அப்பா அவளைப் பார்க்காமலே சொன்னார்: "உட்காரு. பெரியவங்க மேல பழி போடாதே."

அவள் உட்காரவில்லை. நேரே துறைக்குப் போய், கூரையேறி, தன் கேபிளையும் பெட்டியையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த வாரமே கம்பெனி தன் சொந்தப் பெட்டியை மாட்டிவிட்டது.

நகரத்தில் வீடுவீடாக இணைய இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். பண்டிகைக்கு மட்டும் ஊருக்கு வந்தாள். உண்மையை வெளிக்கொண்டு வந்ததுகூடக் கம்பெனிதான். ஆண்டு விழாவுக்கென்று துறையில் பெரிய விளம்பரத் தட்டி கட்டினார்கள். "எங்கள் முதல் பங்காளி" என்று போட்டு, ஒப்பந்தத்தை நீட்டிப் பிடித்தபடி சிரிக்கும் பெனிங்கின் படம். பக்கத்தில் டெக்ஸ்டர்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது பெனிங் தலைவராக இல்லை. கம்பெனி அப்படியேதான் இருந்தது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ரூடிங் தன் படகிலிருந்து எட்டிக் கையைப் பிடித்து ஏற்றினார். "உனக்கு டிக்கெட் வேணாம் இன்டாய், என் பொண்ணே. ஏறு." அவள் போனிலேயே பணம் கட்டிவிட்டதைக் காட்டினாள். அவர் முகம் சுருங்கிற்று.

விடுமுறை முடிந்து திரும்பும்போது அப்பாவே தன் படகில் கொண்டுவிட்டார். வேறு ஆள் ஏற்றவில்லை. நடுக்கடலில் எஞ்சினைக் குறைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். "கையெழுத்துப் போட்ட அன்னைக்கே அண்ணன் சொல்லிட்டான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் ஏன் என்னை உட்காரச் சொன்னீங்க?"

"அவன் என் அண்ணன்."

"நான் யாருப்பா?"

அவர் எஞ்சினைக் கூட்டினார். கரை வந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் கூட்டத்தில் கலந்து போய்விட்டாள்.