வாசலில் குட்டிச் செருப்பு

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் எழிலரசி டிக்கெட் கொடுக்கும்போது வரிசையில் யாரும் இடையில் நுழைந்துவிட முடியாது. சத்தம் போட்டே விரட்டிவிடுவாள்.

பிலிப்பைன்ஸில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து நாலு வயதுப் பெண்ணைத் தத்தெடுக்க அவளும் கணவன் செம்பியனும் காத்திருக்கிறார்கள். அனுமதி இன்னும் வரவில்லை. அவள் அதற்குள் குழந்தைக்கான அறைக்கு வெள்ளையடித்து, சின்னக் கைக்கு எட்டும்படி தாழ்வாக ஒரு குழாயும் போட்டுவிட்டாள். வாசலில் தங்கள் செருப்புகளுக்கு நடுவே குட்டிச் செருப்பு ஒரு ஜோடி வைத்தாள்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த செம்பியனின் அக்கா தைலம்மாள் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"புள்ள வர்றதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"அது வயித்துல இருக்கற புள்ளைக்கு, அண்ணி. எம்பொண்ணு பொறந்து நாலு வருஷமாச்சு. லேட்டா இருக்கறது நாமதான்."

"யாரு பெத்ததோ! குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டா?"

"திரும்பவும் கேப்பேன். அவுங்க சலிச்சுப் போற வரைக்கும் கேப்பேன்."

தைலம்மாள் முகத்தைச் சுளித்தாள். குட்டிச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் செருப்பைக் கழற்றினாள்.

எழிலரசி குனிந்து இரண்டையும் மாற்றி வைத்தாள்.

"உள்ள வாங்க அண்ணி, காப்பி போடறேன். வரிசையில மட்டும் நடுவுல நுழையாதீங்க. எம்பொண்ணு முன்னாடியே நிக்கிறா."