வெறும் வயிற்றில் பிரசாதம்

இப்போதெல்லாம் செக்அப்புக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். அக்கா ஜொகூருக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். ஆனால் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அந்த வருடம், கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் ஊரிலிருந்து பாலம் தாண்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது அவள்தான். ஐம்பது வயதைத் தாண்டிய தொந்திக்காரனைக் கைக்குழந்தைபோல் நடத்தினாள். வழியெல்லாம் நான் ஜோக்கடிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள், ரேடியோவையும் போடமாட்டாள்.

கீமோ பாதியில் இருந்தபோது டாக்டர் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மருந்து வேலை செய்கிறதா என்று அதில்தான் தெரியும். கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்று பெரிய பசிக்காரன், அதை அள்ளித் தின்னும். தின்கிற இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். கீமோவுக்கு முன்னால் எடுத்த முதல் படத்தைவிட வெளிச்சம் குறைந்திருந்தால் அதே மருந்து தொடரும். குறையாவிட்டால் வேறு மருந்து. அதற்கப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். அன்று காலை அக்கா கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நெற்றியில் திருநீறு பூசி, வாயில் பஞ்சாமிர்தம் ஊட்டினாள். நான் பக்தியோடு கரண்டியையும் நக்கினேன்.

ஆஸ்பத்திரியில் தமிழ் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அண்ணே, சுகர் ஏறிக் கிடக்கே. நெசமா ஒண்ணும் சாப்பிடலையா?"

"சத்தியமா இல்லம்மா. பிரசாதம் மட்டும்தான்."

"அதுவும் சாப்பாடுதான்லா அண்ணே."

எனக்கும் அக்காவுக்கும் அது புதுச் செய்தி. உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை ஓடினால் படம் சரியாக வராதாம். அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். பிறகு, "நானே கெடுத்துட்டேன் தம்பி" என்றாள். சாமியே ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார் என்றேன். அந்த ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. அந்த ஒரு வாரம், அவள் என் வீட்டில் இருக்கும்போதெல்லாம் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவள் போனதும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுமுறை ஊசி போட்டு, பேசாமல் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். பேசினால் தொண்டைத் தசையும் சர்க்கரையைத் தின்றுவிடுமாம். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது ஸ்கேனுக்காக மட்டும்தான்.

ரிசல்ட் அன்று டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பழையதில் நெஞ்சுக்குள் விளக்கு எரிந்தது. புதியதில் அதே இடம் சாம்பல் பூத்திருந்தது. இதே மருந்து தொடரட்டும் என்றார். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அக்கா திரையை விரலால் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் காரை நேரே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு விட்டாள். அங்கே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் சோறு, கோழி, மேலே குழம்பு வெள்ளம்.

"நல்லாருக்கா தம்பி?"

கீமோவில் நாக்கு செத்துக் கிடந்தது. எதைத் தின்றாலும் இரும்பு.

"ரொம்ப நல்லாருக்குக்கா" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.