ஐந்து மணிக்குக் குறையும் குளம்

நம்பாதவர்கள் பக்கத்து வீட்டு ராவிரியைக் கேட்டுக்கொள்ளலாம். இது எனக்கே நடந்தது. போன ஜூலையில், கிரைஸ்ட்சர்ச்சில், என் வீட்டுக் கொல்லையில்.

ஊரையே உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் தரை தாழ்ந்துவிட்டது. ஜூலை எங்களுக்குக் குளிர்காலம்; ஒரு சாண் தோண்டினாலே தண்ணீர். புல்தரை சொதசொதவென்று கிடக்கும். எங்களுடையது மரவீடு. தரைப் பலகைக்கு அடியில் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி உண்டு. அங்கெல்லாம் ஈரம் ஏறி, படுக்கையறைப் பலகை உப்பி, கதவு சாத்த முடியவில்லை. மூன்று வருடம் போராடினேன். மண் கொட்டினேன். குழாய் பதித்தேன். மோட்டார் வைத்தேன், அது புகைந்து நின்றது. கடைசியில் கொல்லையின் பள்ளமான மூலையில் நானே ஒரு குளம் வெட்டினேன். முழங்கால் ஆழம். ஊற்றுநீர் அதில் வடிந்தால் வீட்டடி காயும் என்று கணக்கு.

காய்ந்தது. பத்தே நாள். பதினோராம் நாள் மறுபடி ஈரம்.

“குளம் நெறைஞ்சிடுச்சா?” என்றாள் மனைவி ஜோசலின்.

போய்ப் பார்த்தேன். நிறையவில்லை. காலையில் இருந்ததைவிட ஒரு சாண் குறைந்திருந்தது.

“குளத்துல கொறையுது, வீட்டுக்கடியில ஏறுது. இது எந்த ஊர் நியாயம்?”

“நீ வெட்டின குளமாச்சே. தலைகீழாத்தான் வேலை செய்யும்.”

ராவிரி வடிகால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலி மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். “அலஸ்டர், தண்ணி தானா மேட்டுக்கு ஏறாதுய்யா. யாராவது தூக்கி ஊத்தினாத்தான் உண்டு.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த நான்கு நாளும் அதே கதை. மாலை ஐந்து மணிக்கு மேல் சரியாக ஒரு சாண் குறையும். விடிவதற்குள் மறுபடி ஊறிவிடும். ஐந்தாம் நாள் பொறுமை போயிற்று. கசிவைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் நுழைந்தேன். மணி 5:07. ஜோசலின் கடைக்குப் போயிருந்தாள்.

சேற்றில் வயிற்றால் ஊர்ந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

5:10.

ளொப்...

குளத்தில் வாளி முங்கும் சத்தம்.

சளப்... சளப்... புல்லில் காலடி. என்னை நோக்கி.

சுவரோரம் காற்றுக்காக வைத்த கம்பிவலை வழியே பார்த்தேன். இரண்டு வெறுங்கால்கள். ஊறி வெளுத்திருந்தன.

“யாரது?”

வலை வழியே தண்ணீர் சலாரென்று முகத்தில் அடித்தது.

“நிறுத்து!” என்று கத்தினேன்.

கால்கள் நின்றன.

“இன்னும் நாலு வாளிதான்...” ஒரு பெண் குரல். மூச்சிரைத்தது. “தலை தெரியுது.”

கால்கள் திரும்பின.

ளொப்...

முழங்கால் ஆழக் குளத்தில்...

யார் தலை?

வெளியே வந்து விழுந்தபோது 5:19. கொல்லையில் ஒருவரும் இல்லை. புல்லில் தடம் இல்லை. குளம் ஒரு சாண் குறைந்திருந்தது.

மறுநாளே லாரியில் ஜல்லி வரவழைத்துக் குளத்தை மூடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ராவிரியிடம் கால்களையும் வாளியையும் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்த எடத்துல ஒரு கெணறு இருந்துச்சு. எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்போ. புருஷன் உள்ள விழுந்துட்டான்னு ஒருத்தி எறைக்க ஆரம்பிச்சா. தெருவே கூட நின்னு எறைச்சுது. மூணு நாள். அடி தெரிஞ்சுது. யாருமே இல்ல. ஆனா அவ மட்டும், ‘அதோ இருக்காரு’ன்னு கயித்தக் கட்டிக்கிட்டு உள்ள எறங்கினா. அப்புறம் கயிறு மட்டும்தான் மேல வந்துச்சு.”

“புருஷன் கெடைச்சானா?”

ராவிரி ஜல்லிக் குவியலைப் பார்த்தபடி சொன்னார்.

“அன்னிக்கு சாயங்காலமே வந்து நின்னான். வெளியூர்ல வேலையா இருந்தானாம்.”